தோபியாவின் நாயும் நம் தெரு நாயும்



பரிசுத்த வேதாகமத்தில் தோபித்து ஆகமம் என்று ஒன்று உண்டு. நம் பிரிந்த சகோதரர்கள் கையில் வைத்திருக்கும் வேதாகமத்தில் பெரும்பாலும் அதைக் காண மாட்டீர்கள். கண் தெரியாத வயோதிபத் தகப்பன், தூர தேசத்தில் கொடுத்து வைத்த பணத்தை வாங்கி வரத் தன் ஒரே மகனை அனுப்புகிறார். மகன் பெயர் தோபியா. வழித்துணையாக வந்தவர் மனித உருவில் வந்த இரபேல் வானதூதர். நம் பாட்டிமார் 'இரபாயேல் சம்மனசு' என்பார்கள். இந்த இருவரோடு மூன்றாவதாக ஒருவரும் புறப்பட்டார். அது தோபியாவின் நாய்.

இந்த நாய்க்குப் பெயர் இல்லை. அது கதையில் ஒன்றும் செய்வதில்லை. மீனைப் பிடித்தது தோபியா, மருந்து சொன்னது வானதூதர், பேயை விரட்டியதும் அவர்களே. நாய் கூடப் போனது, கூடத் திரும்பி வந்தது, அவ்வளவுதான். ஆயினும் போகும்போது ஒரு முறையும் வரும்போது ஒரு முறையும் ஆகமத்தை எழுதியவர் அதை மறவாமல் குறித்து வைத்தார். புனித எரோணிமு இலத்தீனில் மொழிபெயர்த்தபோது, வீட்டை நெருங்கியதும் அது முன்னே ஓடி வாலை ஆட்டியது என்றும் அதில் இடம்பெற்றுவிட்டது. வாலாட்டும் நாயைப் பார்த்த எவரும் அதை நம்பாமல் இருக்க முடியாது.

இதைச் சொல்லக் காரணம், வேதாகமத்தில் நாய்க்குக் கிடைத்த நல்ல இடம் ஏறக்குறைய இது ஒன்றுதான். மற்ற இடங்களிலெல்லாம் அது வசைச் சொல். யெசபேல் அரசியின் உடலை நாய்கள் தின்றன. ஏழை லாசரின் புண்களை நாய்கள் நக்கின. பாலஸ்தீன நாட்டு நாய்கள் மதிலுக்கு வெளியே குப்பையில் மேய்ந்து திரிந்தவை. வீட்டுக்காரர் என்று அவற்றுக்கு ஒருவரும் இல்லை. கானானேயப் பெண்ணுக்கும் நம் ஆண்டவருக்கும் நடந்த உரையாடலில் மட்டும், மேசையிலிருந்து விழும் துணுக்கைத் தின்னும் வீட்டு நாய்க்குட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல் வருகிறது. அந்தத் தாய் அந்தச் சொல்லையே பிடித்துக்கொண்டு வாதாடி வென்றாள். இசையாஸ் தீர்க்கதரிசி 56ஆம் அதிகாரத்தில், குரைக்கத் தெரியாத ஊமை நாய்கள் என்று காவலாளிகளைச் சாடுகிறார். அது என் போன்ற மேய்ப்பர்களுக்குச் சொன்னது. ஆகவே அதற்கு விளக்கம் எழுதாமல் விரைந்து மேலே செல்கிறேன்.

கண்டி வாவியை விட்டு மலைப் பாதையில் ஏறினால் சில மைல் தூரத்தில் அம்பிட்டிய. 1893ஆம் ஆண்டு 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் இந்தியாவுக்கும் இலங்கைக்குமாக அங்கே ஒரு குருமடத்தை ஏற்படுத்தினார். சேசு சபையினர் நடத்திய அந்தப் பாப்பிறைக் குருமடம் 1955இல் பூனாவுக்குப் போயிற்று. அதன் பின் நம் நாட்டுத் தேசிய குருமடம் அங்கே நடைபெறுகிறது. நானும் அங்கே தத்துவமும் இறையியலும் படித்தவன்தான். ஆயினும் நாய்களைப் பற்றிய என் முதல் பாடம் வகுப்பில் கிடைக்கவில்லை. வெளியே வீதியில் கிடைத்தது. ஓய்வு நாளில் பட்டணத்துக்கு நடந்து போவோம். தேநீர்க் கடை வாசலில் நட்ட நடு வீதியில் ஒரு செந்நிற நாய் படுத்திருக்கும். பஸ் வந்தாலும் எழும்பாது. முச்சக்கர வண்டிக்காரர் சுற்றிக்கொண்டு போவார். கடை முதலாளி பாண் துண்டு போடுவார், எதிர் வீட்டு அம்மா சோறு வைப்பார், பாடசாலைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். இது யாருடைய நாய் என்று ஒரு நாள் கேட்டேன். யாருடையதும் அல்ல, இந்தச் சந்தியுடையது என்றார் முதலாளி.

அந்தப் பதிலை அப்போது வேடிக்கையாக எண்ணினேன். பின்னால் யோசித்தபோது, இலங்கையின் மிகப் பழைய கதை ஒன்றே அதில் இருப்பது தெரிந்தது. மகாவம்சத்தின் 7ஆம் அதிகாரத்தில், விஜயனும் அவன் தோழரும் கரையேறிய போது அவர்கள் எதிரே ஒரு பெண் நாய் வருகிறது. உண்மையில் அது குவேனியின் பணிப்பெண்ணான யட்சிணி. இளவரசன் தடுத்தும் கேளாமல் ஒருவன் அதன் பின்னால் போகிறான். அவன் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? நாய் இருந்தால் ஊர் இருக்கும். இந்தத் தீவில் மனிதர் இருக்கிறார்களா என்று அறிய, வந்தவர்கள் பார்த்த முதல் அடையாளம் நாய்! கதையைச் சரித்திரமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதை எழுதிய பிக்குவின் காலத்தில் நாயில்லாத ஊரை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

நாய் எங்கிருந்து வந்தது? சாம்பல் நிற ஓநாயின் வழியில் வந்தது என்பது விஞ்ஞானிகள் இன்று ஒத்துக்கொண்ட உண்மை. ஆடு, மாடு, கோழி எல்லாவற்றுக்கும் முன்பே, மனிதன் விதைக்கவும் அறுக்கவும் கற்குமுன்பே, நாய் அவனோடு சேர்ந்துவிட்டது. 1914ஆம் ஆண்டு ஜெர்மனியில் பொன் நகருக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் கல் வெட்டுவோர் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. ஏறக்குறைய 14,000 ஆண்டு பழமையானது. அண்மையில் அந்தக் குட்டியின் பற்களை ஆராய்ந்தவர்கள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். சாகும்போது அதற்கு வயது ஏழு மாதம் இருக்கலாம். அதற்கு முன் பல வாரங்கள் கடும் நோயில் கிடந்திருக்கிறது. யாராவது தண்ணீர் வைத்து, சூடாக வைத்துப் பராமரித்திராவிட்டால் அத்தனை நாள் உயிர் பிழைத்திராது. வேட்டைக்கும் உதவாத, காவலுக்கும் உதவாத ஒரு நோயாளிக் குட்டி! கல்லாயுதம் ஏந்திய மனிதர் அதற்குப் பணிவிடை செய்திருக்கிறார்கள்.

இனி நம் தமிழரிடம் வருவோம். தமிழன் நாயைப் பற்றி இரண்டு மனம் படைத்தவன். ஒருபுறம் 'நாயே' என்பதுதான் நமக்கு மிகச் சுலபமாக வாயில் வரும் வசவு. மாணிக்கவாசகர் இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள நாடிய சொல்லும் 'நாயேன்' என்பதே. மறுபுறம் நாலடியாரைப் பாருங்கள். யானை பல நாள் பழகியும் தன் பாகனையே கொல்லும். நாயோ எசமான் எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் அவனைக் கண்டு வாலாட்டும். ஆகவே நட்புக்கு நாய் போன்றவரைத் தேடுக என்கிற கருத்தில் அங்கே ஒரு பாட்டு உண்டு. பெரிய மனிதரின் சிநேகத்துக்கு அலைகிறவர்கள் ஒரு முறை படிக்க வேண்டிய பாட்டு.

அதைவிட என் மனதைத் தொட்டது ஒரு கல். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்ற ஊரில், மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று நிற்கிறது. ஏழாம் நூற்றாண்டுக் கல். கருந்தேவகத்தி என்ற வீரன் எருமைகளைக் காக்கப் போய் மாண்டான். அவனுக்காக நட்ட கல். அவன் உருவத்தோடு கூட நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்து, எசமானைக் காத்து நின்றதாம். தோபியாவின் நாய்க்குக் கிடைக்காத பெயர் இந்தத் தமிழ் நாய்க்குக் கிடைத்திருக்கிறது. அந்த ஊரில் அன்று வாழ்ந்த எத்தனை பெரியவர்களின் பெயர் நமக்குத் தெரியும்? கன்னட நாட்டில் ஆதகூரிலும் இப்படி ஒரு கல் உண்டு. 949இல் தக்கோலத்தில் சோழரோடு நடந்த போரில் வீரம் காட்டிய மணலேரன், பரிசாக அரசனிடம் கேட்டது காளி என்ற வேட்டை நாயை. அந்த நாய் ஒரு பெரிய பன்றியோடு போராடி, இரண்டும் மடிந்தன. காளிக்கும் கல் நட்டார்கள்.

கண்டி நாட்டுக்குத் திரும்பினால் காட்சி வேறு. 1660 முதல் 1679 வரை இங்கே சிறைப்பட்டுக் கிடந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளிவந்த தம் நூலில் இரண்டாம் இராஜசிங்கனின் தண்டனைகளை விவரிக்கிறார். கொலைக்களத்துக்குக் கொண்டு போகப்படும் கைதிகளின் பின்னே நாய்களும் போகுமாம். பிணம் கிடைக்கும் என்று அவை பழகியிருந்தன. யெசபேலின் கதை நினைவுக்கு வரவில்லையா? பிறகு வெள்ளைக்காரர் காலம். சாமுவேல் பேக்கர் என்பவர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி, இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைக் கொண்டு வந்து மரைகளைத் துரத்தினார். எந்த நாய் எப்படி மாண்டது என்று தம் புத்தகங்களில் உருக்கமாக எழுதியிருக்கிறார். அக்காலத்தில் மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாக நடந்து, வழியிலேயே பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்து மாண்ட நம் முன்னோர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுக்குப் பெயர் எழுதி வைத்தவர் மிகக் குறைவு. துரை பங்களா நாய்க்கு இறைச்சியும் லயத்துப் பிள்ளைக்கு ரொட்டியும் என்று தோட்டத்து முதியவர்கள் இன்றும் சொல்வதில் உள்ள கசப்பு எனக்கு விளங்குகிறது. குற்றம் நாயுடையது அல்ல என்பதையும் அவர்களே சொல்வார்கள்.

நம் அயலவரின் சமயங்களையும் மறக்கலாகாது. இந்து சகோதரர்களின் வைரவருக்கு நாய் வாகனம். இஸ்லாமியரின் திருக்குர்ஆனில், குகையில் நெடுங்காலம் உறங்கிய வாலிபரோடு வாசலில் முன்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாய் வருகிறது. நம்மவரில் புனித ரோக்குவுக்கு அப்பம் கொண்டு வந்த நாயைச் சுரூபத்திலேயே பார்க்கிறோம். பிரான்சு நாட்டில் 13ஆம் நூற்றாண்டில் ஒரு வேடிக்கை நடந்தது. குழந்தையைப் பாம்பிடமிருந்து காத்த நாயை, அதன் வாயிலிருந்த இரத்தத்தைக் கண்டு தவறாக எண்ணி எசமான் கொன்றுவிட்டான் என்று ஒரு கதை. நம் ஊர்க் கீரிப்பிள்ளைக் கதையேதான். குடியானவர்கள் அந்த நாயைப் புனிதராக்கி, நோயுற்ற குழந்தைகளை அதன் கல்லறைக்குக் கொண்டு போகத் தொடங்கினார்கள். அதை விசாரித்துத் தடை செய்த குரு, பூர்பொன் ஊர் ஸ்தேவான், சாமிநாதர் சபையைச் சேர்ந்தவர். அச்சபையாருக்கோ 'ஆண்டவரின் நாய்கள்' என்றே இலத்தீனில் ஒரு செல்லப் பெயர்! தடை செய்தது நியாயமே. ஆயினும் அந்தத் தாய்மார் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

பௌத்த ஜாதகக் கதை ஒன்றுதான் நம் நாட்டு நிலைக்கு மிகப் பொருத்தம். அரசனின் தேர் மழையில் நனைந்தபோது அதன் தோல் வார்களை நாய்கள் கடித்துத் தின்றுவிட்டன. சாக்கடை வழியே வந்த தெரு நாய்கள் தின்றன என்றார்கள் சேவகர். கண்ட நாயெல்லாம் கொல்லுங்கள் என்றான் அரசன். அரண்மனை நாய்களுக்கு மட்டும் விலக்கு. சுடுகாட்டு நாய்களின் தலைவனாகப் பிறந்திருந்த போதிசத்துவர் நேரே சபைக்குள் நுழைந்து, அரசனே, இதுவா நீதி என்று கேட்டார். அரண்மனை நாய்களுக்கு மோரும் தர்ப்பைப் புல்லும் கரைத்துக் கொடுக்கச் சொன்னார். அவை தோலை வாந்தி எடுத்தன. குற்றவாளிகள் உள்ளேயே இருந்தன.

இந்தக் கதையைக் கையில் வைத்துக்கொண்டு நம் சட்டங்களைப் பாருங்கள். அம்பிட்டியவில் குருமடம் எழுந்த அதே 1893இல் இந்த நாட்டில் விசர் நோய்க் கட்டளைச் சட்டம் வந்தது. 1901இல் நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தெரு நாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். நாய் பிடிக்கிற வண்டியைக் கண்டால் பிள்ளைகள் தங்கள் நாயைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைப்பார்கள். விசர் நோய் நின்றதா? 1973இல் மட்டும் இந்நோயால் 377 பேர் மாண்டார்கள். கொன்ற இடத்துக்கு அயல் சந்தியிலிருந்து வேறு நாய் வந்தது. எஞ்சியவை குட்டி போட்டன. பெட்டை நாய் சுமப்பது இரண்டு மாதமே. ஆண்டில் இரு முறை ஈனும். கொன்று தீராத கணக்கு இது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து நாய்களுக்குத் தடுப்பூசி போடும் வேலை தீவிரமாயிற்று. கடிபட்டவருக்கு நல்ல மருந்தும் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கலாயிற்று. இறப்புகள் படிப்படியாகக் குறைந்தன. 2006இல் தெரு நாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது. அதன் பிறகு சாவு கூடவில்லை. அண்மை ஆண்டுகளில் 20, 30 என்ற அளவில் நிற்கிறது. நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டுவிட்டால் நோய் பரவ வழியற்று நின்றுவிடும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இருபதோ முப்பதோ, அதில் ஒன்று நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால்? உலகில் ஆண்டுக்கு 59,000 பேர் வரை இந்நோயால் மாள்கிறார்கள். மிகப் பெரும்பாலோருக்கு அது நாயிடமிருந்தே வருகிறது. கடிபடுவோரில் பலர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை. ஆனால் கடித்ததற்கும் அறிகுறிக்கும் இடையே பெரும்பாலும் இரண்டு மூன்று மாத இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் மருந்து வேலை செய்கிறது. 1885 ஜூலை 6ஆம் நாள் பாரிசில் லூயி பாஸ்டர், ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி போடச் செய்தது இந்த இடைவெளியை நம்பியே. சிறுவன் பிழைத்தான்.

நான் பணியாற்றிய ஒரு பங்கில் நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் தோபியாவின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வாங்கில் இருந்த ஒரு சிறுவன் கையை உயர்த்தி, சுவாமி, தோபியாவின் நாய் கடிக்குமா என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் மெதுவாக விசாரித்தேன். வீதியில் கண்டெடுத்த குட்டி ஒன்றைத் தம்பி தங்கையோடு ஒளித்து வளர்த்திருக்கிறான். நான்கு நாளைக்கு முன் அது கையில் கடித்தது. அம்மா ஏசுவா என்று சொல்லவில்லை. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். புதன்கிழமை குட்டி செத்தது. மற்ற இரு பிள்ளைகளுக்கும் சேர்த்து ஊசி போட்டார்கள். மூவரும் நலமாக இருக்கிறார்கள். அன்று தோபித்து ஆகமத்துக்குப் பதிலாக வேறு பாடம் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணினால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஆகையால் தாய்மாரே, தந்தையரே, நாய் கடித்தது என்று வந்து சொல்லும் பிள்ளையை ஏசாதீர்கள். அடிக்கவே அடிக்காதீர்கள். முதலில் குழாயைத் திறந்து, சவர்க்காரம் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள். பதினைந்து நிமிடம் நாம் நினைப்பதைவிட நீளமானது. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் ஒன்றும் அப்ப வேண்டாம். பார்வை பார்ப்பவரிடமும் மந்திரிப்பவரிடமும் போய் நாளைக் கடத்த வேண்டாம். செபியுங்கள், ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்சில் இருந்து செபியுங்கள். கீறல்தானே, குட்டிதானே, நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாதீர்கள். பூனை கடித்தாலும் இதுவே முறை. அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசிக்குப் பணம் இல்லை. வயிற்றைச் சுற்றி ஊசி போட்ட பழைய முறை போய் வெகு காலமாயிற்று, இப்போது கையில்தான். எத்தனை ஊசி, எந்த நாளில் என்று சொல்வார்கள்; ஒன்றையும் தவற விடலாகாது. கடித்த நாய் கட்டி வைக்கக் கூடியதாயின் கொல்லாமல் கட்டி வைத்துக் கவனியுங்கள். அது நலமாக இருக்கிறதா, செத்ததா என்பது டாக்டருக்கு மிக வேண்டிய செய்தி.

இன்னொன்று. பெட்டைக் குட்டிகளைக் கடதாசிப் பெட்டியில் போட்டு இரவோடிரவாகக் கோவில் வாசலிலும் விகாரை வாசலிலும் விட்டுச் செல்லும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. கொல்ல மனமில்லாததால் இப்படிச் செய்கிறோம் என்பார்கள். தாயைப் பிரிந்த குட்டி பஸ்சில் அடிபட்டுச் சாகிறது. தப்பியது ஊசியில்லாமல் வளர்கிறது. ஞாயிறு காலையில் பங்குச் சுவாமி கதவைத் திறந்தால் காலடியில் ஆறு குட்டி. நான் திறந்திருக்கிறேன். அவற்றுக்கு வீடு தேடி, பூசைக்குப் பின் ஒவ்வொரு குடும்பமாகக் கெஞ்சிய அவமானம் எனக்குத்தான் தெரியும். பெட்டை நாய்க்குக் கருத்தடைச் சத்திர சிகிச்சை செய்து விட்டால் இந்தப் பாடு இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடமே நம் அயலில் இருக்கிறது. அரசாங்க மிருக வைத்தியர் காரியாலயத்திலும் விசாரிக்கலாம்.

நாய்களுக்கு ஊசி போட உங்கள் தோட்டத்துக்கோ கிராமத்துக்கோ வரும் நாளை முன்கூட்டி அறிந்தால் பங்கு மனைக்கும் சொல்லி விடுங்கள், பூசையில் அறிவிப்போம். நாயைக் கொண்டு போகும்போது கழுத்தில் கயிறு கட்டி, அதற்குப் பழக்கமான பெரியவர் ஒருவரே பிடித்துக்கொள்ளட்டும். சிறு பிள்ளை கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம். சந்தியுடைய நாய்க்கும் ஒருவர் முன்வந்து, அன்று ஒரு நாள் மட்டும் எசமானாக இருங்கள். ஊசி போட்டதும் ஓர் அட்டை தருவார்கள். அடுத்த ஆண்டு எந்த மாதம் மறுபடி போட வேண்டும் என்று அதில் இருக்கும். அதை அடுப்படிச் சுவரில் செருகி வைத்தால் புகையில் அழிந்து போகும். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்கள் இருக்கும் உறையிலேயே அதையும் வையுங்கள்.